ஊசிமுனையும் மயக்க மருந்தும்: ஒரு கூட்டுறவின் வரலாறு

ஜப்பானியப் படையெடுப்பால் நொந்திருந்த சீனாவுக்கு 1938-ஆம் ஆண்டு காங்கிரஸ் மகாசபை அனுப்பிய ஐந்து வைத்தியர்களுள் துவாரகாநாத் கோட்னிஸ், 1942 டிசம்பரில் அந்த மண்ணிலேயே உயிர்நீத்ததனால் அடைந்த கீர்த்தி, உடன் சென்று உயிரோடு திரும்பிய பிஜய் குமார் பாசுவுக்குக் கிட்டவில்லை. ஆயினும் நம் விஷயத்துக்கு உரியவர் பாசுதான். 1958-இல் மீண்டும் சீனா சென்று அக்குபங்சர் என்ற ஊசி வைத்தியம் கற்று, மறு ஆண்டு கல்கத்தாவில் அதைத் தொடங்கியவர் அவரே.

பாசு சீனா சென்ற அதே 1958-இல், ஆகஸ்ட் மாதத்தில், ஷாங்காய் முதல் மக்கள் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் டான்சில் மயக்க மருந்தின்றி, இரு கைகளிலும் ஊசி குத்தி அகற்றப்பட்டது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டி வைத்தால் இடையே புடைத்தெழும் சதைமேடுதான் அந்த ஸ்தானம்; சீனர் அதை ஹெகு என்பர். கலாசாரப் புரட்சிக் காலத்தில் இது வைத்தியம் என்ற எல்லையைக் கடந்து அரசாங்கத்தின் விளம்பரமாயிற்று. கத்தி சரீரத்துக்குள் இருக்கையில் நோயாளி விழித்தபடி பேசும் காட்சி வெளிநாட்டு விருந்தினருக்குக் காட்டப்பட்டது. அந்நோயாளிகள் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் என்பதும், அவர்களுள் பலருக்கு அமைதியூட்டும் மருந்தும் மரத்துப்போகச் செய்யும் ஊசியும் சேர்த்தே தரப்பட்டன என்பதும் பின்னரே தெரிந்தன. 1971 ஜூலையில் பெய்ஜிங்கில் குடல்வால் அறுவைக்கு உள்ளான அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனின் கதையும் அத்தகையதே. ஊசியாலேயே அவருக்கு அறுவை நடந்தது என்று இன்றும் எழுதுகிறவர்கள் உண்டு. உண்மையில் மரப்பு மருந்து செலுத்தித்தான் அறுத்தார்கள். மறுநாள் இரவு வயிறு உப்பித் தவித்தபோதுதான் வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழும் ஊசி ஏறியது.

விளம்பரம் வடிந்தபின் எஞ்சியதே ஆராய்ச்சிக்குரியது. 1975-இல் ஹியூஸும் கோஸ்டர்லிட்ஸும் மூளைக்குள் அபினைப் போன்று செயல்படும் என்கெஃபலினைக் கண்டறிந்தனர்; நலக்ஸோன் என்ற அபின் முறிமருந்து கொடுத்தால் ஊசியின் வலிநீக்கம் குன்றுகிறது என்பது அடுத்த இரண்டாண்டுகளில் விலங்கிலும் மனிதரிலும் காட்டப்பட்டது. சீன வைத்தியர்களும் ஊசி தனித்து நிற்கும் என்ற வாதத்தைத் தளர்த்தி, குறைந்த அளவு மயக்க மருந்தோடு மின்னூட்டிய ஊசியைச் சேர்க்கும் கூட்டு முறைக்கு வந்தனர். அந்த இறக்கத்தை நான் தோல்வியாக எண்ணவில்லை.

மயக்க மருந்து குறைந்தால் நோய் எதிர்ப்புச் சக்திக்கு என்ன ஆகும் என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. எங்கள் ஊரான நெய்வேலியின் சுரங்கத்தை உவமையாகக் கொள்ளலாம். அங்கே நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஆர்டீசியன் நீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கிறது. இரவு பகலாக நீரை இறைத்து அவ்வழுத்தத்தைத் தணிக்காமல் மேல்மண்ணை மட்டும் அகற்றினால் சுரங்கத்தின் அடித்தளமே வெடித்துப் பொங்கும். கத்தி பட்ட சரீரத்திலும் அழுத்தம் பொங்குகிறது: கார்ட்டிசாலும் அட்ரீனலினும் ரத்தத்தில் ஏறுகின்றன, புற்று அணுக்களையும் வைரஸ் புகுந்த அணுக்களையும் அழிக்கும் இயற்கைக் கொல்லி அணுக்களின் வீரியம் சில நாட்கள் குன்றுகிறது, வலிக்குத் தரும் மார்ஃபினும் அக்குறைவைக் கூட்டவல்லது. புற்றுநோய் அறுவையில் இவ்விடைவெளியைப் பற்றி வைத்தியர்கள் கவலைப்படுவது இதனால்தான். ஜப்பானில் கோட்டானி குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், வயிற்று அறுவைக்கு முன்பே முதுகெலும்பின் இருமருங்கிலும் தோலுக்குள் நுண்ணூசி வைக்கப்பட்டவர்களுக்கு மார்ஃபின் தேவை பாதியாகவும், கார்ட்டிசால், அட்ரீனலின் அளவுகள் 30 முதல் 50 சதவீதம் வரையும் குறைந்தன.

ஊசி நேரே எதிர்ப்புச் சக்தியை வளர்க்கிறது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம். மருந்தும் அதிர்ச்சியும் குறைவதால் வீழ்ச்சி குறைகிறது என்பதே பிரமாணத்துக்கு அடங்கிய கூற்று. ஹார்வர்டில் சியூஃபு மா குழுவினர் 2020, 2021 ஆண்டுகளில் எலிகளிடம் கண்டது இன்னும் நுட்பமானது: பின்னங்காலில், மனிதருக்கு முழங்காலின் கீழ் நான்கு விரற்கடை தள்ளியுள்ள இடத்துக்கு ஒப்பான ஸ்தானத்தில், மெல்லிய மின்தூண்டல் வேகஸ் நரம்பு வழியாக அழற்சியைத் தணித்தது, வயிற்றில் கொடுத்த வலுத்த தூண்டலோ, நோய்க்கு முன் தந்தால் நன்மையும், நோய் முற்றியபின் தந்தால் தீமையும் செய்தது. எந்த இடம், எவ்வளவு, எப்போது என்று சொல்லாமல் ஊசியின் மகிமையைப் பேசுவோர் இந்த ஓர் உண்மையையாவது கருத வேண்டும். ரத்தப் பரிசோதனையில் அணுக்கணக்கு உயர்வது வேறு. புண் சீக்கிரம் ஆறுவதும் புற்று திரும்பாதிருப்பதும் வேறு. பின்னதற்கு உறுதியான நிரூபணம் இன்னும் வரவில்லை.

அறுவைக்கு நாள் குறித்திருக்கும் வாசகர், ஊசி வைத்துக்கொள்ள விரும்பினால் மயக்க மருத்துவரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவரும், இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவரும், ஊசி குத்துவதற்கும் அதில் மின்சாரம் பாய்ச்சுவதற்கும் முன் அச்செய்தியை ஒருமுறைக்கு இருமுறை சொல்ல வேண்டும்.