எந்தச் சீமைக் கருவேலம்?

‘சீமைக்குப் போய்ப் படித்தவர்’ என்றால் ஒரு காலத்தில் பாரிஸ்டர், இல்லாவிட்டால் டாக்டர். இப்போது தாவரவியல் பூங்காவை நடத்துவது எப்படி, மரத்தைக் காட்டிப் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழலைச் சொல்லித்தருவது எப்படி என்று பழகவும் போகலாம். லண்டனில் உள்ள கியூ தோட்டம் பல நாட்டாருக்கு இந்தப் பயிற்சியை நடத்தியிருக்கிறது. அருப்புக்கோட்டையை அடுத்த பாளையம்பட்டியிலிருந்து ஒருவர் அங்கே போனால், ‘சீமை’ என்ற சொல்லை அவர் ஏற்கெனவே ஒரு மரத்தின் பெயரில் கேட்டு வளர்ந்திருப்பார்.

வடமொழியில் ‘சீமா’ என்றால் எல்லை. தமிழில் அது எல்லைக்குள் அடங்கிய நாட்டுக்கு ஆகி வந்தது. ராமநாதபுரச் சீமை, சிவகங்கைச் சீமை என்றபோது அது சொந்த மண். 1985இல் தனி மாவட்டம் பிரியும்வரை அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் ராமநாதபுரம் மாவட்டத்து ஊர்கள்தாம். வெள்ளைக்காரர் ஆட்சியில் அதே சொல் கடல் தாண்டியது. சீமைத்துரை, சீமைச் சாராயம், சீமெண்ணெய் என்று வரிசையாக வந்தன. மங்களூரில் சுட்ட ஓட்டுக்குக்கூடச் சீமை ஓடு என்று பெயர். மங்களூர் எந்தக் கடலுக்கு அப்பால் இருக்கிறதோ! மாகாணத்தைக் குறித்த ‘விலாயத்’ என்ற அரபுச் சொல்லும் இந்துஸ்தானியில் இங்கிலாந்தைக் குறிக்கலாயிற்று. அதைக் காதில் வாங்கிய வெள்ளைச் சிப்பாய்கள் ‘பிளைட்டி’ என்று தங்கள் நாட்டுக்கே செல்லப்பெயர் வைத்துக்கொண்டார்கள்.

இனி மரத்துக்கு வருவோம். வேலிக்கருவை, வேலிக்காத்தான் என்றெல்லாம் சொன்னாலும், எழுத்தில் நிலைத்தது சீமைக்கருவேலம். நாட்டுக்கருவேலத்திலிருந்து பிரித்துக்காட்ட வைத்த பெயர். ஆனால் இங்கிலாந்துக்கும் இந்த மரத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அதன் தாயகம் மெக்சிகோ, கரீபியத் தீவுகள், தென்னமெரிக்காவின் வடபகுதி. காமராஜர் காலத்தில் தூவிய விதை என்று எங்கள் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். அவர் பிறப்பதற்கு முன்பே, 1870களின் பிற்பாதியில், வனத்துறை அதிகாரி பெட்டோமின் முயற்சியால் சென்னை மாகாணத்துக்கு விதை வந்துவிட்டது. விறகும் வேலியும் வேண்டி வரவழைத்தார்கள். மரம் கண்மாயையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்களுக்கு அதுவே சோறும் போடுகிறது.

பூங்காப் பயிற்சியில் நமக்கு வேண்டிய பாடம் இங்கேதான் இருக்கிறது. தாவரவியல் பூங்காவுக்கு உயிர் பதிவேடு. உள்ளே வரும் ஒவ்வொரு செடிக்கும் ஓர் எண் உண்டு. எந்த ஊரில், யார், என்றைக்கு எடுத்தது, காட்டுச் செடியா வளர்ப்புச் செடியா என்பதெல்லாம் அந்த எண்ணுக்கு எதிரே இருக்கும். இது இல்லாவிட்டால் அது பூந்தோட்டம், அவ்வளவுதான். நம் ஊரார் பதிவேடு வைக்கவில்லை. ‘சீமை’ என்ற ஒரே சொல்லில் பிறப்பிடத்தைச் சொல்லி முடித்துவிட்டார்கள். ‘அயலிலிருந்து வந்தது’ என்பதுவரை சரி. எந்த அயல் என்று கேட்டால் அந்தச் சொல்லில் விடையில்லை.

லத்தீன் பெயரும் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஜமைக்காவில் கண்ட இந்த மரத்துக்கு ஸ்வார்ட்ஸ் 1788இல் ‘மிமோசா ஜூலிஃப்ளோரா’ என்று பெயரிட்டார். பிறகு நெடுங்காலம் அது ‘புரோசோபிஸ்’. 2022இல் அந்தப் பேரினத்தைப் பிரித்தபோது ‘நெல்டுமா’ ஆனது. நம் வன்னி மரம் புரோசோபிஸிலேயே தங்கிவிட்டது. ஊர் மக்கள் இரண்டையும் ஒருநாளும் ஒரு பெயரில் அழைத்ததில்லை என்பதை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை.

பள்ளி மரங்களுக்குப் பலகை எழுதும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். லத்தீன் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். ஊர்ப்பெயர்கள் அத்தனையும், தாயகம், வந்த காலம், கொண்டுவந்தவர் என நான்கு வரி சேருங்கள். முதல் பலகையைச் சீமைக்கருவேலத்துக்கே எழுதலாம்.