குதிரைத் தீனியும் குழந்தைத் தீனியும்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓட்ஸ் பாக்கெட்டைப் பிரித்துப் பாத்திரத்தில் கொட்டிக்கொண்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, தவிடு மாதிரி இருக்கு? மாட்டுக்கா, மனுசனுக்கா?" என்று கேட்டார்.

அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. பேக்கரி பிஸ்கட்டைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லி ஆறு மாசம் ஆகிறது. ஆனால் நாலு மணி டீக்கு ரெண்டு பிஸ்கட் இல்லாவிட்டால் அவருக்கு ஓடாது. பள்ளிக்கூடம் விட்டு வரும் என் பையனுக்கும் அதே பழக்கம்தான். சரி, எண்ணெயைக் குறைத்து வீட்டிலேயே ஓட்ஸ் பிஸ்கட் செய்துவிடலாம் என்று இறங்கினேன். செய்து முடித்த பிறகும் அம்மாவின் கேள்வி மண்டையில் நின்றுவிட்டது. சரித்திரத்தைப் புரட்டினால் அது ரொம்பச் சரியான கேள்வி.

1755-ல் லண்டனில் சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி வெளிவந்தது. அதில் ஓட்ஸ் என்ற சொல்லுக்கு அவர் கொடுத்த விளக்கம் ஒரு கிண்டல். இங்கிலாந்தில் குதிரைக்குப் போடும் தானியம், ஸ்காட்லாந்தில் அதைத்தான் மனிதர்கள் சாப்பிடுகிறார்கள் என்கிற பாணியில் எழுதிவைத்தார். ஏழை ஸ்காட்லாந்துக்காரர்களின் கஞ்சிச் சாப்பாட்டைப் பற்றிப் பணக்கார நகரம் செய்த நக்கல் அது.

அதே 1755-ல்தான் மைசூர் அரசு ஹைதர் அலியைத் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக அனுப்பியது. மலைக்கோட்டையை மையமாக வைத்துப் பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு அவர் படையைத் திரட்டிப் பழக்கினார். பின்னாளில் ஒரு ராஜ்யத்தையே பிடித்தவரின் ஆரம்பம் நம்ம ஊர்தான். படை என்றால் குதிரை இருக்கும். தென்னாட்டில் குதிரை என்றால் தீனி கொள்ளுதான். நம்மிடம் வந்த வெள்ளைக்காரர்கள் அதற்கு வைத்த பெயரே 'ஹார்ஸ் கிராம்', அதாவது குதிரைக் கடலை. 1792-ல் திண்டுக்கல் கம்பெனி கைக்குப் போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. இன்றுவரை ஆங்கிலத்தில் கொள்ளுக்கு அதுதான் பெயர்.

ஆக, அங்கே ஒரு குதிரைத் தீனி, இங்கே ஒரு குதிரைத் தீனி. இரண்டையுமே ஏழைகள் சாப்பிட்டார்கள். பிறகு ஒன்று மட்டும் சூப்பர் மார்க்கெட்டில் கண்ணில் படுகிற தட்டுக்கு ஏறியது. மற்றது மளிகைக் கடை மூட்டையிலேயே தங்கிவிட்டது. இது எப்படி நடந்தது?

ஓட்ஸின் யோகம் அமெரிக்காவில் ஆரம்பித்தது. ஒஹாயோ மாநிலத்தில் ஃபெர்டினண்ட் ஷூமாக்கர் என்ற ஜெர்மன்காரர் ஓட்ஸை மனிதர் சாப்பாட்டுக்கென்றே ஆலையில் அரைத்து விற்றார். அதே மாநிலத்து ஆலை ஒன்று 1877-ல் குவேக்கர் உருவத்தை வியாபார முத்திரையாகப் பதிவு செய்தது. ஆவியில் வேகவைத்துத் தட்டையாக நசுக்கியதால் சமைக்கிற நேரம் குறைந்தது. மூட்டையில் அள்ளிக் கொடுத்ததை அட்டைப் பெட்டியில் அடைத்து, படம் போட்டு, சுத்தமான சாமான் என்று விளம்பரம் செய்தார்கள். 1896-ல் வந்த ஃபேனி ஃபார்மரின் புகழ்பெற்ற சமையல் புத்தகத்தில் ஓட்ஸ் பிஸ்கட்டுக்கும் ஒரு செய்முறை இருந்தது. கடைசியாக 1997-ல் அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறை, ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்து இதயத்துக்கு நல்லது என்று பெட்டியிலேயே அச்சிட அனுமதி கொடுத்தது. அந்த நார்ச்சத்து ஒரு நாளைக்கு 3 கிராம் வேண்டும் என்பது கணக்கு. ஓட்ஸ் நல்ல தானியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு அந்த அந்தஸ்து கிடைக்க ஆலை, பெட்டி, விளம்பரம், ஆராய்ச்சி எல்லாம் சேர்ந்து நூறு வருஷத்துக்கு மேல் உழைத்தன. கொள்ளுக்கு அப்படி உழைக்க யாரும் வரவில்லை.

இனி பிஸ்கட் பக்கம் வருவோம். தலைச்சேரியில் மம்பள்ளி பாப்பு 1880-ல் பிஸ்கட் ஆலை வைத்தார் என்று சொல்கிறார்கள். கல்கத்தாவில் பிரிட்டானியா 1892-ல் தொடங்கியது. வெள்ளைக்காரர் சாப்பாடாக வந்த பிஸ்கட், நம்ம வீடுகளில் நோயாளிச் சாப்பாடாக நுழைந்தது. காய்ச்சல் என்றால் பன், ரஸ்க், பிஸ்கட். அப்படியே 'உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. 1937-ல் டால்டா வந்தது. நெய்யைவிட மலிவு என்பதால் வனஸ்பதி பேக்கரிகளில் நிரந்தரமாகக் குடியேறியது. அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்று உலகம் ஒத்துக்கொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. இந்தியாவில் எண்ணெய், வனஸ்பதி வகைகளில் அது 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி 2022-ல்தான் அமலுக்கு வந்தது.

கொழுப்புமேல் பயம் வந்ததும் அதையும் வியாபாரமாக்கினார்கள். 1992-ல் அமெரிக்காவில் ஸ்னாக்வெல்ஸ் என்ற கொழுப்பில்லாத பிஸ்கட் வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க முடியாத அளவுக்கு விற்றது. கொழுப்பை எடுத்த இடத்தில் சர்க்கரை உட்கார்ந்திருந்தது. கொழுப்புத்தான் இல்லையே என்று ஜனங்கள் இரண்டு பங்கு சாப்பிட்டார்கள். 'லோ ஃபேட்' என்று எழுதியிருக்கும் பாக்கெட்டைப் பார்த்தால் நான் முதலில் சர்க்கரை அளவைத் தேடுவது இதனால்தான்.

வீட்டில் செய்யும்போது எனக்கும் இதே சிக்கல் வந்தது. முதல் தடவை எண்ணெயே இல்லாமல் செய்தேன். மலைக்கோட்டைக் கல் மாதிரி வந்தது. பிஸ்கட்டில் கொழுப்புக்கு ஒரு வேலை இருக்கிறது. மாவுத் துகள்களுக்கு நடுவில் புகுந்து அவை இறுகாமல் பார்த்துக்கொள்ளும், வாயில் உதிர வைக்கும். அதை எடுத்தால் அந்த வேலைக்கு வேறு ஆள் வேண்டும். கனிந்த வாழைப்பழம் அந்த ஆள். அதன் பெக்டின் ஈரத்தைப் பிடித்துவைக்கும், இனிப்பும் அதிலேயே கிடைத்துவிடும்.

இந்த யோசனையை வெளிநாட்டுச் செய்முறையில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம்ம ஜில்லாவில் இது பழைய சங்கதி. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சி மலைவாழைதான் பேர்போனது. அதில் தண்ணீர் குறைவு. அதனால் பிசைந்தால் நீர்த்துப்போகாமல் கெட்டியாக நிற்கும். விருப்பாச்சி வாழை, சிறுமலை வாழை இரண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. 2019-ல் பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. ஈரம் குறைந்த பழம் என்றால் பிஸ்கட்டுக்கும் அதுதானே தோது?

இரண்டாவது தடவை செய்த அளவு இது. ஓட்ஸ் 150 கிராம், பாதியை மிக்ஸியில் பொடித்தது. வறுத்து அரைத்த கொள்ளு மாவு 50 கிராம். நன்றாகக் கனிந்த மலைவாழைப்பழம், தோல் நீக்கி 200 கிராம். நாட்டுச் சர்க்கரை 2 மேசைக்கரண்டி, கடலெண்ணெய் 1 மேசைக்கரண்டி, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு, கால் டீஸ்பூன் சமையல் சோடா. பிசைந்து கால் மணி நேரம் ஊறவிட்டு, 20 வில்லைகளாகத் தட்டி, 170 டிகிரியில் 20 நிமிஷம். ஓட்ஸிலேயே 7 சதவீதம் போலக் கொழுப்பு உண்டு. அதையும் எண்ணெயையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரு பிஸ்கட்டுக்கு ஒன்றேகால் கிராம்தான் வருகிறது. கடை மாதிரி மொறுமொறுப்பு வராது, மெத்தென்று இருக்கும். ஈரம் இருப்பதால் வெளியில் ரெண்டு நாளுக்கு மேல் தாங்காது. பழமும் சர்க்கரைதான். அம்மாவுக்கு ரெண்டு பிஸ்கட்டோடு டப்பாவை மூடிவிடுகிறேன்.

கொள்ளை ஏன் சேர்த்தேன் என்றால், அதில் நூற்றுக்கு 22 பங்கு புரதம், கொழுப்பு அரை பங்குதான். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று ஊரில் சொல்லிவைத்ததற்குப் பெட்டியும் இல்லை, விளம்பரமும் இல்லை. வேடசந்தூர் பக்கம் மானாவாரிக் காட்டில் மழையை மட்டும் நம்பி விளைகிற பயிர் இது. நமக்கு ஓட்ஸ் வருவதோ பெரும்பாலும் கப்பலேறி.

அம்மா ஒரு பிஸ்கட்டைக் கடித்தார். கொஞ்ச நேரம் மென்றார். "கொள்ளு வாசம் வருதே?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப அந்தத் தவிடு எதுக்கு?"

அடுத்த ஞாயிறு ஓட்ஸைப் பாதியாகக் குறைத்து, மீதிக்குச் சாமை மாவு போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.