உறையின் பின்பக்கத்தில் ஒரு ஜோன்ஸ்

அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் 1978க்குப் பிந்தைய பதிவேடு முழுவதும் இணையத்தில் இருக்கிறது. அதில் ‘ஜோன்ஸ், டெரிக்’ என்று தட்டிப் பாருங்கள். மதுரை வாக்காளர் பட்டியலில் முருகனைத் தேடிய கதைதான். நான் தேடிய டெரிக் ஜோன்ஸ் 1970 ஜூன் 19 அன்று பிறந்தவர். ஹார்லெமிலும் பிராங்ஸிலும் வளர்ந்தவர். டி-நைஸ் என்ற பெயரில் இரவு விடுதிகளில் இசைத்தட்டு சுழற்றியவர். 2020 மார்ச்சில், உலகம் கதவடைத்துக்கொண்ட அதே வாரத்தில், இன்ஸ்டாகிராம் லைவ் வழியாக லட்சம் பேரை ஒரே நேரத்தில் ஆட வைத்தவர்.

அப்போது வந்த செய்திகளில் பல, தொற்றுநோய்க் காலம் எங்கிருந்தோ கண்டெடுத்த ஆள் என்பதுபோல அவரை எழுதின. எனக்கு அது ஒப்பவில்லை. பல மணி நேரம் ஒரு கூட்டத்தைக் கலையாமல் பிடித்துவைக்கிறவர் ஒரே வாரத்தில் முளைத்துவிட முடியாது. அவருடைய முப்பது ஆண்டுகள் எந்தக் காகிதத்தில் கிடக்கின்றன என்று தேட ஆரம்பித்தேன்.

டிஜே ஒருவரைத் தேடுவதில் ஒரு சிரமம் உண்டு. பாடகருக்குக் குரல் மிஞ்சும், இசையமைப்பாளருக்குப் பெயர் மிஞ்சும். டிஜே ஒலிக்கவிடுவதோ அடுத்தவர் பாட்டு. எந்தப் பாட்டுக்குப் பின் எதை வைத்தார், கூட்டம் தளர்ந்தபோது எதைக் கொண்டு தூக்கி நிறுத்தினார் என்பதுதான் அவர் கலை. விடுதியில் விளக்குப் போட்டதும் அது முடிந்துவிடுகிறது. ஆகவே டிஜேயை அடுத்தவர்களின் ஆவணங்களில்தான் தேட வேண்டும்: ஆல்பம் உறைகளின் பின்பக்கம், விற்பனைப் பட்டியல், சில சமயம் காவல் செய்தி.

பிராங்ஸின் ஃபிராங்க்ளின் அவென்யூவில் பழைய படைப் பயிற்சிக் கூடம் ஒன்று 1980களில் வீடற்ற ஆண்கள் தங்கும் இடமாக இருந்தது. அங்கே சமூகப் பணியாளராக வேலை பார்த்தவர் ஸ்காட் ஸ்டெர்லிங். வெர்மான்ட் மாநிலத்துக் கல்லூரியில் படித்துவிட்டு ஊர் திரும்பியவர்; இரவில் டிஜே ஸ்காட் லா ராக். அங்கே தங்கியிருந்த இளைஞர்களில் ஒருவர் லாரன்ஸ் பார்க்கர், பின்னாளில் கேஆர்எஸ்-ஒன். இருவரும் சேர்ந்து பூகி டவுன் புரொடக்‌ஷன்ஸ் குழுவைத் தொடங்கிய கதை ஹிப்-ஹாப் வரலாற்று நூல்களில் எல்லாம் உண்டு. அந்தக் குழுவில் ஒரு பள்ளி வயதுப் பையன் எப்படி வந்து சேர்ந்தான் என்பதற்குத்தான் எந்தப் பதிவேடும் இல்லை. டி-நைஸ் பின்னாளில் சொன்ன விவரம் மட்டுமே சான்று: அவருடைய உறவினர் ஒருவர் அந்த விடுதியில் காவலாளியாக இருந்தார், அவர் வழியாகத்தான் ஸ்காட்டின் அறிமுகம். நான் இதை நம்புகிறேன். தன்னைப் பெரிதாக்கிக் காட்டும் எதுவும் அதில் இல்லை. பெருமைக்காகக் கதை கட்டுகிறவர் காவலாளியின் உறவினராக உள்ளே நுழைய மாட்டார்.

அடுத்த தடயம் ‘கிரிமினல் மைண்டட்’ ஆல்பத்தின் உறை. 1987 மார்ச்சில் பி-பாய் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. முன்னட்டையில் கேஆர்எஸ்-ஒன்னும் ஸ்காட் லா ராக்கும் ஆயுதங்களோடு நிற்கிறார்கள். ராப் ஆல்பம் ஒன்றின் அட்டையில் துப்பாக்கிகள் இப்படி நேருக்கு நேராகத் தோன்றியது அன்று புதிது. டி-நைஸ் அதில் இல்லை. அவருக்கு அப்போது 16 வயது. வாயாலேயே டிரம் ஒலி எழுப்புகிற பையன் என்ற பெயர்தான் அன்று அவருக்கு. ரோலண்டு நிறுவனம் 1980இல் கொண்டுவந்த டிஆர்-808 தாளக் கருவியோடு சேர்த்து அவரை ‘மனித டிஆர்-808’ என்று அழைத்தார்கள்.

உறையை முழுதாக நம்பிவிடவும் கூடாது. அல்ட்ராமேக்னடிக் எம்சீஸ் குழுவின் செட் ஜீ இந்த ஆல்பத்தின் ஒலியை உருவாக்கியதில் பெரும் பங்கு வகித்தவர். உறையில் அவருக்குத் தயாரிப்பாளர் என்ற பெயர் இல்லை, நன்றி மட்டுமே. அட்டையில் இருப்பதும் இல்லாததும் அன்றைய பேரத்தின் விளைவு. வேலை செய்தவர் யார் என்பதை வேறு இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

அந்த வேறு இடம் ஒரு மரணச் செய்தியாக இருந்தது.

1987 ஆகஸ்ட் 27. ஆல்பம் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஸ்காட் லா ராக் இறந்தார், வயது 25. பிராங்ஸின் ஹைபிரிட்ஜ் குடியிருப்புகளுக்கு ஒரு ஜீப்பில் நண்பர்களோடு போயிருந்தார். ஒரு தகராறைப் பேசித் தீர்ப்பதற்காகத்தான் போனார். யாரோ சுட்டார்கள், கழுத்தில் பாய்ந்தது. கைது செய்யப்பட்ட இருவர் மீதான வழக்கு விடுதலையில் முடிந்தது. தகராறு யாருடையது? ஒரு பெண்ணோடு பேசியதற்காக மிரட்டப்பட்ட டி-நைஸுடையது. ஸ்காட்டிடம் உதவி கேட்டது அவர்தான். இது என் ஊகம் அல்ல, டி-நைஸே பகிரங்கமாகச் சொல்லியிருப்பது. அப்போது அவருக்கு 17 வயது.

இந்த ஒரு தகவல் மற்ற எல்லாக் காகிதங்களையும் நான் படிக்கும் விதத்தை மாற்றியது. தனக்காகப் பரிந்து பேசப் போன அண்ணன் திரும்பி வரவில்லை. அந்த அண்ணன்தான் குழுவின் டிஜே. அவர் நின்ற இடத்தில், அதே சுழல்தட்டுகளுக்குப் பின்னால், இனி இந்தப் பையன் நிற்க வேண்டும். நின்றார். கேஆர்எஸ்-ஒன் மேடையில் பாட, பின்னால் டி-நைஸ். இதை ஒரு பணிமாற்றம் போலக் கடந்துபோகும் வரலாற்று நூல்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்த சான்று அச்சில் துல்லியமாக இருக்கிறது. பில்போர்டு இதழின் பழைய பிரதிகளை கூகுள் புக்ஸில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். 1989 மார்ச் 11 தேதியிட்ட இதழில்தான் ராப் பாடல்களுக்கென்று தனிப் பட்டியலை பில்போர்டு முதன்முறையாக வெளியிட்டது. முதல் பட்டியலின் முதல் இடம்: ‘செல்ஃப் டிஸ்ட்ரக்‌ஷன்’. 1988இல் நியூயார்க்கை அடுத்த நாசோ கொலிசியத்தில் ஒரு ராப் நிகழ்ச்சியின்போது இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டதை அடுத்து, பத்திரிகையாளர் நெல்சன் ஜார்ஜும் ஜைவ் ரெக்கார்ட்ஸின் ஆன் கார்லியும் கேஆர்எஸ்-ஒன்னும் முன்னின்று, ‘வன்முறையை நிறுத்து’ இயக்கத்தின் பெயரில் கொண்டுவந்த பாட்டு அது. சக் டி, எம்சி லைட், கூல் மோ டீ, ஹெவி டி, டக் ஈ ஃபிரெஷ் என்று அன்றைய பெரும் குரல்கள் எல்லாம் ஆளுக்குச் சில வரிகள் பாடின. வருமானம் நேஷனல் அர்பன் லீக் அமைப்புக்குப் போனது.

இசைத்தட்டில் பாடியவர்களின் நீளமான வரிசையைத் தாண்டித் தயாரிப்பு என்ற இடத்துக்கு வந்தால், கேஆர்எஸ்-ஒன் பெயரோடு டி-நைஸ் பெயர். அப்போது வயது 18. துப்பாக்கிச் சூட்டில் தன் ஆசானை இழந்து ஒன்றரை ஆண்டுக்குள், கறுப்பினத்தவரை கறுப்பினத்தவர் கொல்லும் வன்முறைக்கு எதிரான பாட்டின் தாளத்தை அமைத்தவர்களில் அவர் ஒருவர். மொத்தத் தேடலிலும் எனக்கு மிக முக்கியமான தாள் இதுதான். இன்ஸ்டாகிராம் இரவுகளைப் பற்றி எழுதியவர்கள் இதை ஒரு வரியிலாவது சேர்த்திருக்க வேண்டும்.

அடுத்த சில ஆண்டுகள் எளிதாகக் கிடைக்கின்றன. ஜைவ் நிறுவனத்தில் 1990இல் ‘கால் மீ டி-நைஸ்’, 1991இல் ‘டு த ரெஸ்க்யூ’ என்று அவர் சொந்தப் பெயரில் இரண்டு ஆல்பங்கள். மிச்சிகனைச் சேர்ந்த கிட் ராக் என்ற வெள்ளைக்கார இளைஞரின் 1990ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தின் தயாரிப்பாளர்களிலும் அவர் பெயர் உண்டு. அதன் பிறகு மூன்றாவது தனி ஆல்பம் வரவில்லை. இசைத்தட்டுகளின் பாதை இங்கே முடிகிறது, பல ஆய்வாளர்களும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

நான் பாதையை மாற்றினேன். ராப்பில் வாய்ப்புச் சுருங்கிய 1990களின் பிற்பகுதியில் டி-நைஸ் கணினி கற்றுக்கொண்டு இணையதளம் வடிவமைக்கும் தொழிலுக்குப் போனார். இணையத்தின் பழைய பக்கங்களைச் சேமிக்கும் வேபேக் மெஷினில் 1996 முதலான பக்கங்கள் உண்டு. ஆனால் அந்தக் காலத்துத் தளங்களில் பல, அசைவுக்கும் ஒலிக்கும் ஃபிளாஷ் மென்பொருளை நம்பியவை. 2020 டிசம்பர் 31ஓடு அடோபி நிறுவனம் ஃபிளாஷுக்கு ஆதரவை நிறுத்தியது. இன்று சேமிப்பைத் திறந்தால் பல இடங்களில் வெற்றுப் பெட்டி மட்டும்தான் தெரிகிறது. முப்பது ஆண்டு பழைய இசைத்தட்டு இன்னும் பாடுகிறது, இருபது ஆண்டு பழைய இணையப் பக்கம் பேச மறுக்கிறது. ஆவணம் சேர்ப்பவர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் இது.

அதன் பிறகு அவர் கையில் கேமரா. புகைப்படக்காரராக ஒரு வாழ்க்கை தொடங்கியது. கூடவே ‘ட்ரூ ஹிப்-ஹாப் ஸ்டோரிஸ்’ என்ற தலைப்பில் தன் தலைமுறை ராப் கலைஞர்களை உட்காரவைத்து, அவர்களுடைய புகழ்பெற்ற பாடல்கள் பிறந்த விதத்தைச் சொல்லவைத்துப் படம்பிடித்து இணையத்தில் போட்டார். சிறிய காணொளிகள்தான், ஆனால் வாய்மொழி வரலாறாக அவற்றுக்கு இருக்கும் மதிப்பு பெரிது. தனக்கான சான்றுகள் சிதறிக் கிடந்த மனிதர் அடுத்தவர்களுக்காகச் சான்று சேர்த்திருக்கிறார். ஸ்காட் லா ராக்கை உட்காரவைத்து இப்படிக் கேட்க யாருக்கும் வாய்க்கவில்லை என்பதை நினைத்துக்கொண்டுதான் நான் அவற்றைப் பார்த்தேன்.

இப்போது 2020. மார்ச் 18 புதன்கிழமை, லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டில் தனியாக இருந்த டி-நைஸ் கைபேசியை நிறுத்திவைத்துப் பாட்டுப் போட ஆரம்பிக்கிறார். மறுநாள் கலிஃபோர்னியா முழுக்க வீடடங்கு ஆணை. ‘கிளப் குவாரண்டைன்’ என்று அந்த நிகழ்வுக்குப் பெயர் வந்தது. சில நூறு பேரோடு தொடங்கியது, மார்ச் 21 சனிக்கிழமை லட்சத்தைத் தாண்டியது. ஓப்ரா வின்ஃப்ரே, மிஷெல் ஒபாமா, ரியானா, ஜோ பைடன், பெர்னி சாண்டர்ஸ், மார்க் சக்கர்பெர்க் என்று பெயர்கள் திரையில் வந்து வந்து போயின. பெரிய விளிம்புத் தொப்பியோடு டி-நைஸ் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்றார். முதல்முறை வந்தவருக்கும் முன்னாள் அதிபரின் மனைவிக்கும் ஒரே மாதிரி வரவேற்பு.

எண்ணிக்கையை ஒரு லட்சம் என்றும் ஒன்றரை லட்சம் என்றும் எழுதுகிறார்கள். திரையின் மேல் மூலையில் தெரிந்த எண் அந்த நொடியில் உள்ளே இருந்தவர்களை மட்டுமே காட்டும். இரவு முழுக்க வந்துபோனவர்களின் கூட்டுத்தொகை வேறு. கைபேசியில் ஸ்கிரீன்ஷாட் எடுக்கப்பட்ட நொடியைப் பொறுத்து எண்ணும் மாறும். தேதியிலும் இதே குழப்பம். லாஸ் ஏஞ்சலிஸில் சனிக்கிழமை இரவு 9 மணி தாண்டினால் நியூயார்க்கில் ஞாயிறு பிறந்துவிடும். இந்தியாவிலோ அது மார்ச் 22 காலை, மக்கள் ஊரடங்கு நாள். சென்னைத் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்த அதே மணிகளில் அங்கே ஒரு வீட்டின் கைபேசியிலிருந்து சோல் பாட்டும் டிஸ்கோவும் ஓடிக்கொண்டிருந்தன.

அந்த இரவின் ஒலிப்பதிவு? நேரலையைத் தன் பக்கத்திலேயே நிலையாகச் சேமித்துவைக்கும் வசதியை இன்ஸ்டாகிராம் அந்த ஆண்டு மே மாதத்தில்தான் தந்தது. மார்ச்சில், 24 மணி நேரத்துக்குப் பிறகு நேரலை மறைந்துபோகும். ரசிகர்கள் பிடித்துவைத்த துண்டுகளும் ஸ்கிரீன்ஷாட்களும் அடுத்த நாள் நாளிதழ்களும்தான் மிச்சம். அந்த ஆண்டின் வெப்பி விருதுகளில் ஆண்டின் கலைஞர், 2021இல் என்ஏஏசிபி இமேஜ் விருதுகளில் ஆண்டின் சிறந்த பொழுதுபோக்காளர் என்ற அங்கீகாரங்கள் பட்டியல்களில் பத்திரமாக இருக்கின்றன. அவை யார் என்று சொல்கின்றன. என்ன ஒலித்தது, எந்த வரிசையில் ஒலித்தது என்று சொல்வதில்லை.

வரிசைதான் டிஜேயின் படைப்பு. ரசிகர்கள் நினைவிலிருந்து தொகுத்த பாடல் பட்டியல்களில் பாட்டுகள் இருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அவர் தாவிய நொடி இருக்காது. ஆனால் இன்றைய டிஜேக்கள் பயன்படுத்தும் செராட்டோ போன்ற மென்பொருள்களில் ‘ஹிஸ்டரி’ என்று ஒரு பகுதி உண்டு. எந்தப் பாட்டு எத்தனை மணிக்கு ஏற்றப்பட்டது என்று யாரும் கேட்காமலே அது குறித்துவைக்கும். பதிப்புரிமைப் பதிவேட்டையும் பில்போர்டையும்விட, இந்தத் தேடலுக்கு நெருங்கிய ஆவணம் அப்படியொரு கோப்புதான்.

கார்னெல் பல்கலைக்கழகம் 2007 முதல் ஹிப்-ஹாப் ஆவணங்களைச் சேர்க்கிறது: விருந்து அறிவிப்புத் தாள்கள், புகைப்படங்கள், இசைத்தட்டுகள். ஹார்லெமில் கறுப்பின வரலாற்றுக்கான ஷோம்பர்க் மையம் இருக்கிறது. டிஜேக்களின் தட்டுப்பெட்டிகளைக் கேட்டு வாங்குவதுபோல, அவர்களுடைய மடிக்கணினிகளில் உள்ள இந்தக் கோப்புகளையும் இவை கேட்டு வாங்க வேண்டும். கணினி பழுதாவதற்கு முன்பே நகல் எடுக்க வேண்டும். அப்படி ஒன்று கைக்கு வந்தால், ரசிகர்களின் ஸ்கிரீன்ஷாட்களில் தெரியும் மணியையும் எண்ணிக்கையையும் அதன் பக்கத்தில் வைத்து, எந்தப் பாட்டின்போது கூட்டம் லட்சத்தைத் தொட்டது என்று கண்டுபிடித்துவிடலாம்.