தேய்ந்த எஞ்சினும் முறிந்த எஞ்சினும்

ரோட்டரி எஞ்சினைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் ஒரு தீர்ப்பு முந்திக்கொண்டு வந்துவிடும்: அபெக்ஸ் சீல் பலவீனமானது, ஆகவே எஞ்சினுக்கு ஆயுள் குறைவு. நான் பயின்றது மொழியியல்; எந்திரவியல் அன்று. ஆயினும் இந்த எஞ்சினின் வரலாற்றை வாசித்தபோது எனக்கு முதலில் தட்டுப்பட்டது ஒரு சொற்பொருள் சிக்கலே. 'ஆயுள் குறைவு' என்னும் ஒரே பெயரின்கீழ் இரண்டு வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. 1960களில் அது தேய்வு. டர்போ வந்தபின் அது முறிவு. முதல் நோய்க்கான மருந்தை இரண்டாம் நோய்க்குக் கொடுத்தால் குணமாவதில்லை. சற்றே நீண்ட பதிவு, பொறுத்தருள்க.

அமைப்பை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடை சற்று ஒடுங்கிய நீள்வட்ட உறைக்குள் முக்கோண வடிவிலான ரோட்டார் சுழல்கிறது. அதன் மூன்று முனைகளிலும் உள்ள காடிகளில் பொருத்தப்பட்ட மெல்லிய பட்டைகளே அபெக்ஸ் சீல்கள். வில்லும் வாயு அழுத்தமும் அவற்றை உறையின் சுவரோடு ஒட்டவைக்கின்றன. ஒவ்வொரு சீலும் இரண்டு அறைகளுக்கு இடையே எல்லைக்கோடாக நிற்பதால், ஒன்று கெட்டால் இரண்டு அறைகள் அழுத்தம் இழக்கும்.

ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் வாங்கெலின் எஞ்சின் 1957இல் முதன்முதலாக ஓடியது. 1961இல் ஹிரோஷிமாவின் டோயோ கோக்யோ, அதாவது பின்னாளைய மாஸ்டா, அதற்கான உரிமத்தைப் பெற்றது. ஜப்பானிய அரசு சிறு கார் நிறுவனங்களைப் பெரியவற்றோடு இணைக்க முனைந்திருந்த காலம் அது. தனித்து நிற்கத் தனக்கென ஒரு தொழில்நுட்பம் தேவை என்பது தலைவர் ட்சுனேஜி மட்சுடாவின் கணக்கு. 1963இல் கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் 47 பொறியாளர்கள் கொண்ட ஆய்வுப் பிரிவு அமைந்தது. எண்ணிக்கை ஒத்துப்போனதால் ஜப்பானிய மரபுக்கதையின் நாற்பத்தேழு ரோனின் வீரர்களின் பெயர் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது.

அவர்கள் எதிர்கொண்ட சிக்கல், உறையின் குரோமியப் பூச்சில் அலையலையாகத் தோன்றிய கீறல்கள். அவற்றுக்கு அவர்கள் இட்ட பெயர் 'அகுமா நோ த்சுமெஅதோ', அதாவது பேயின் நகத்தடம். பெயர் அழகானதுதான், ஆனால் நோயறிதலுக்கு உதவாதது. கீறுவது சீல், எனவே சீலின் கடினத்தன்மையே குற்றவாளி என்னும் முடிவுக்கு அது எளிதில் இட்டுச்செல்லும். உண்மையில் சீல் சுவரில் வழுக்கிச் செல்லாமல் துள்ளித் துள்ளி மோதியது. பிழை அதன் இயல்பு அதிர்வெண்ணில் இருந்தது. முனையருகே குறுக்கும் நெடுக்கும் துளையிட்டு அந்த அதிர்வெண்ணை மாற்றியதும் கீறல்கள் அடங்கின. விற்பனைக்கான எஞ்சினில் அலுமினியம் ஊட்டிய கார்பன் சீல் இடம்பெற்றது. 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் வெளிவந்தது. அடுத்த ஆண்டு நூர்பர்க்ரிங்கில் 84 மணி நேரப் பந்தயத்தில் இரண்டு காஸ்மோக்கள் ஓடின. ஒன்று நான்காம் இடம் பிடித்தது. மற்றொன்று 82ஆம் மணியில் நின்றுபோனது. காரணம் அச்சுக்கோளாறு, எஞ்சின் அன்று.

அதே 1967இல் என்எஸ்யூ வெளியிட்ட ஆர்ஓ 80 எதிர்த்திசையில் போனது. அதன் தொடக்ககால எஞ்சின்கள் பல 50,000 கிலோமீட்டரை எட்டுமுன்பே மாற்றப்பட வேண்டியதாயின. உத்தரவாதச் செலவில் நிறுவனம் தளர்ந்தது. 1969இல் ஃபோக்ஸ்வாகனின் கீழ் ஆட்டோ யூனியனோடு இணைந்தது. 'அபெக்ஸ் சீல் தாங்காது' என்னும் தீர்ப்பின் வேர் பெரும்பாலும் இங்கேதான். அக்காலத்துக்கு அது நியாயமான தீர்ப்பும்கூட.

1982இல் மாஸ்டா தன் 12ஏ எஞ்சினில் டர்போசார்ஜரைப் பொருத்திக் காஸ்மோவில் விற்றது. ரோட்டரிக்கும் டர்போவுக்கும் இயல்பான பொருத்தம் உண்டு. வால்வுகள் இல்லாததால் வெளியேற்றுத் துளை சட்டெனத் திறக்கிறது. வாயு மிகுந்த வெப்பத்தோடும் வேகத்தோடும் பாய்ந்து டர்பைனைச் சுழற்றுகிறது. 1985இல் இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 இன்டர்கூலரோடு வந்தது. 1991இல் மூன்றாம் தலைமுறையில் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கும் இரட்டை டர்போவும் 255 குதிரைத்திறனும். 1999இல் அது 280.

சீல் இங்கே தேய்ந்து சாவதில்லை. ரோட்டரியின் எரியறை நீண்டு ஒடுங்கியது. ரோட்டார் ஒன்றுக்கு இரண்டு தீப்பொறிச் செருகிகள் இருப்பதே அதனால்தான். அப்போதும் சுடர் அறையின் பின்கோடியை அடையத் தாமதமாகிறது. டர்போ அழுத்திய சூடான கலவை அத்தாமதத்துக்குள் தானே வெடித்தால் அதுவே நாக்கிங். பிஸ்டன் எஞ்சின் சில தட்டுகளைப் பொறுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனே உள்ள பட்டைக்குக் கடுமையான ஒரே அடி போதும். உடைந்த துண்டு வெளியேற்றுத் துளை வழியே போய் டர்பைனையும் சிதைக்கும். எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பவர் கையில் கிடைப்பது உடைந்த சீல். பழைய தீர்ப்பு மீண்டும் வாசிக்கப்படுகிறது. என் வாசிப்பில் சீல் இங்கே குற்றவாளி அன்று, கொலையுண்டவர்.

மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 இதற்குச் சரியான சான்று. திறனைக் கூட்ட விரும்பிய உரிமையாளர்கள் வினையூக்கி மாற்றியைக் கழற்றிவிட்டு அகன்ற புகைக்குழாயைப் பொருத்தினர். நெரிசலான அந்தப் பழைய குழாய் மறைமுகமாக ஒரு கடிவாளமாகவும் இருந்தது. அது போனதும், உபரி வாயுவைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் போதாமல் டர்போ அழுத்தம் வரம்பு மீறி ஏறியது. கணினியோ பழைய அளவிலேயே எரிபொருளை ஊற்றியது. கலவை வறண்டது, நாக்கிங் வந்தது, சீல் முறிந்தது. பழுதடைந்த எஞ்சினுக்கு இன்னும் கடினமான சீல் வாங்கிப் போடுவது, பேயின் நகத்தை வெட்டப் புறப்பட்டதற்கு ஒப்பானது.

ஆகவே டர்போ ரோட்டரியின் ஆயுளை நீட்டித்த வேலைகளில் பெரும்பகுதி சீலுக்கு வெளியே நடந்தது: கலவையைச் செறிவாக வைத்தல், அழுத்தம் ஏறும்போது பொறி நேரத்தைப் பின்தள்ளுதல், உள்ளே வரும் காற்றைக் குளிர்வித்தல். வெப்பம் தனிக்கதை. எரிப்பு எப்போதும் உறையின் ஒரே பக்கத்தில் நிகழ்வதால் அப்பக்கம் கொதிக்க, மறுபக்கம் குளிர்ந்தே இருக்கிறது. ஒருமுறை அளவுமீறிச் சூடேறினாலே உறைகளுக்கிடையிலான நீரடைப்பு வளையங்கள் போய்விடலாம். சீல் நலமாக இருந்தும் எஞ்சின் இறக்கும் வகை இது.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் தேய்வின் பழைய கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. சீலை வழவழப்பாக்க, எஞ்சின் எண்ணெயிலிருந்தே சிறிதளவை ஒரு பம்ப் எரியறைக்குள் செலுத்துகிறது. தாங்கிகளைக் காக்கவேண்டிய எண்ணெய் எரிந்தும் போகவேண்டும். எரிந்தால் கசடும் விடும். சுத்தமாக எரியக்கூடிய டூ-ஸ்ட்ரோக் எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஓட்டும் பழக்கம் ஆர்வலரிடையே வேரூன்றியது இதனால்தான். கைமருத்துவம் போலத் தோன்றினாலும் தர்க்கம் பிழையற்றது.

1991இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற 787பி காரில் நான்கு ரோட்டார்களும் பீங்கான் சீல்களும் இருந்தன. ரோட்டார் ஒன்றுக்கு மூன்று செருகிகள். 362 சுற்றுகள் ஓடியது. அதில் டர்போ இல்லை. 2003இல் ஆர்எக்ஸ்-8 வந்தபோது மாஸ்டா சாலைக் காரிலும் டர்போவைக் கைவிட்டது. 2023இல் எம்எக்ஸ்-30இன் மின்னாக்கியாகத் திரும்பிவந்த ஒற்றை ரோட்டார் எஞ்சினிலும் அது இல்லை. சீலின் தடிமன் மட்டும் 2 மில்லிமீட்டரிலிருந்து 2.5 ஆகியிருக்கிறது.