ஒலிப்பதிவுப் பணியில் நீடித்து உழைக்கும் ஹெட்போன்கள்

முன்னுரை

ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக்குக்குக் கிடைக்கும் கவனம் ஹெட்போனுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் பதிவில் கலந்த இரைச்சலையும் மூச்சொலியையும் முதலில் காட்டிக்கொடுப்பது அதுவே. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவைத் திரையிசைக்குத் தந்த தேனி மாவட்டத்தில் இன்று கைப்பேசியும் சிறு பதிவுக்கருவியும் கொண்டு ஒலி பதிவுசெய்ய முனைவோருக்கு இக்கருவியின் வரலாறு பயனுள்ளது.

தொடக்கக் காலம்

1910இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின் தாம் உருவாக்கிய ஹெட்போன்களை அந்நாட்டுக் கடற்படைக்கு அளித்தார். தந்தியில்லாச் செய்திகளைக் கேட்க அவை பயன்பட்டன.

தமிழகத்தில் வானொலி 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகத்தின் வழியே தொடங்கியது. அக்காலப் படிக வானொலிகளில் ஒலியைப் பெருக்கும் வசதி இல்லை. எனவே ஹெட்போன் இல்லாமல் அவற்றைக் கேட்கவே முடியாது. வால்வு வானொலிகள் பரவியதும் வீட்டுக் கூடத்தில் ஒலிபெருக்கி அமர்ந்தது. ஹெட்போன் நிலையத்துக்குள் பணிக்கருவியாகத் தங்கியது. 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் ஏற்பட்டன.

திரையிசையில் மாற்றம்

முன்பு பாடகரும் இசைக்குழுவும் ஒரே நேரத்தில் இசைக்க, பாடல் முழுதாகப் பதிவானது. பல தடப் பதிவு வந்தபின் இசை தனியாகவும் குரல் தனியாகவும் பதிவாயின. பாடகர் ஏற்கெனவே பதிவான இசையை ஹெட்போனில் கேட்டுப் பாடுவார். அந்த ஒலி வெளியே கசிந்தால் மைக்கில் புகுந்துவிடும். ஆகவே காதை முழுவதும் மூடும் வகை இப்பணிக்கு ஏற்றதாயிற்று.

நிலைத்துநின்ற மாதிரிகள்

ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 1937இல் வெளியிட்ட டிடி 48, இயங்குசுருள் முறையில் அமைந்த முன்னோடி ஹெட்போன். 1958இல் கோஸ் நிறுவனம் ஸ்டீரியோ ஹெட்போனை அறிமுகப்படுத்தியது. 1968இல் வந்த சென்ஹைசர் எச்டி 414 திறந்த வகைக்கு வழிகாட்டியது. சென்ஹைசர் எச்டி 25 (1988), சோனி எம்டிஆர்-7506 (1991) ஆகியவை வானொலி, படப்பிடிப்பு, ஒலிப்பதிவு என எல்லாத் துறைகளிலும் பல்லாண்டுகள் நிலைத்தன.

இவை நீடித்ததற்கு விலை மட்டும் காரணம் அன்று. ஹெட்போனில் முதலில் பழுதாவது காது மெத்தையும் கம்பியும்தான். எச்டி 25இல் பாகங்களைத் தனித்தனியே கழற்றி மாற்றலாம். 7506இல் மெத்தையின் மேற்தோல் உரிந்தாலும் புதியது பொருத்தலாம். அதன் சுருள் கம்பி இழுபடும்போது நீண்டு கொடுக்கும். இன்னொரு காரணம் பழக்கம். ஒரே ஹெட்போனில் ஆண்டுக்கணக்கில் கேட்டவருக்கு அதன் குறையும் மிகையும் தெரியும், அதற்கேற்பத் தீர்மானிப்பார். புதிய கருவி வந்தால் அந்த அளவுகோலை மீண்டும் கற்க வேண்டும்.

லோயர் கேம்பில் ஒலிப்பதிவு

குமுளி மலைச்சாலையின் அடிவாரத்தில் உள்ள லோயர் கேம்பில், தேக்கடியிலிருந்து குழாய்களில் இறங்கும் பெரியாற்று நீரால் மின்சாரம் உற்பத்தியாகிறது. இத்தகைய இடத்தில் பறவையொலியையோ பெரியவர் ஒருவரின் நினைவுகளையோ பதிவுசெய்வது எளிதன்று. நீரின் ஓசையும் மலையேறும் லாரிகளின் உறுமலும் குறுக்கிடும். உயரழுத்த மின்கம்பிகளின் அருகே, காப்பு இல்லாத மைக் கம்பியில் 50 ஹெர்ட்ஸ் முனகலும் ஏறக்கூடும். மூடிய ஹெட்போன் வெளிச்சத்தத்தைக் குறைத்து, மைக்கில் உண்மையில் என்ன விழுகிறது என்பதை அங்கேயே காட்டும். வீடு திரும்பியபின் பிழையை அறிந்து பயனில்லை. அந்தப் பெரியவர் அதே நினைவை அதேபோல் மீண்டும் சொல்வார் என்பது உறுதியில்லை.

செவியைக் காத்தல்

கருவியின் பாகங்களை மாற்றலாம். உட்செவியில் அழிந்த உணர்மயிர்ச் செல்கள் மீண்டும் வளர்வதில்லை. பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதை உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான அளவாகக் கொள்கிறது. வெளிச்சத்தத்தை வெல்ல ஒலியைக் கூட்டுவதைவிட, நன்கு மூடும் மெத்தையைப் பொருத்துவது நல்லது.

முடிவுரை

கம்பியை இறுகச் சுற்றாமல் வைப்பது, வியர்வையைத் துடைப்பது, மெத்தையை உரிய காலத்தில் மாற்றுவது ஆகியவை ஒரு நல்ல ஹெட்போனைப் பல்லாண்டுகள் உழைக்கச் செய்யும். வாங்கும்போது உதிரிப்பாகம் கிடைக்குமா என்று கேட்பதே மாணவர்கள் கற்க வேண்டிய முதற்பாடம்.