சேர்வராயன் மலையும் கைமாறிய வண்டிகளும்

கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் கிடக்கும் சேலத்திலிருந்து புறப்பட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சேர்வராயன் மலைமேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டை அடையும் மலைப்பாதை, எந்த வண்டியின் உடல்நிலையையும் மறைத்து வைக்க இடங்கொடுப்பதில்லை. காப்பித் தோட்டங்களுக்கிடையே அமைந்த கரடியூர் போன்ற மலைச் சிற்றூர்களில் வண்டி வைத்திருப்பவருக்கு அந்த ஏற்றமும் இறக்கமும் அன்றாட வேலை. பழைய வண்டி வாங்குதல் என்பது கண்ணுக்குத் தெரியாத தேய்மானத்துக்கு விலை பேசுவதாகையால், இம்மலையில் அவ்வழக்கம் அடைந்த மாற்றத்தை அறிய, தேய்மானம் வண்டியின் எந்த உறுப்பில் ஒளிந்திருந்தது என்பதைக் காலந்தோறும் பார்க்க வேண்டும்.

விடுதலைக்குப் பிந்தைய முதல் முப்பதாண்டுகளில் இந்தியாவில் பழைய கார் மலிவான பொருளாக இருக்கவில்லை. அம்பாசிடர், பியட், சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற மூன்று வகைகளே பெரும்பாலும் கிடைத்த அக்காலத்தில், புதிய காருக்குப் பதிவு செய்தவர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. கார்களின் பங்கீட்டையும் விற்பனையையும் அரசு 1959-இல் ஒரு கட்டுப்பாட்டு ஆணையின்கீழ்க் கொண்டுவந்தபோதிலும், காத்திருக்க மனமில்லாதவர்கள் ஓடிய வண்டிக்குப் புதிய வண்டியின் விலையைவிடக் கூடுதலாகக் கொடுக்கும் விந்தை நீங்கவில்லை. வேகமும் ஆற்றலும் மிக்க கார் வேண்டுவோருக்கு இருந்த வழி இன்னும் குறுகலானது: வெளிநாட்டுத் தூதரகத்தினர் பயன்படுத்திவிட்டுக் கைவிட்ட கார்களை அரசு வணிகக் கழகம் விற்பனைக்கு விடும்போது அவற்றை வாங்கலாம். ஆகவே இந்நாட்டில் உயர்திறன் கார் என்பது நெடுங்காலம் பழைய காராகவே அறிமுகமாகியிருந்தது என்று சொன்னால் மிகையாகாது. மலைத் தோட்டங்களோ இந்த ஆடம்பரத்தைப் பொருட்படுத்தவில்லை. நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப்பே அங்குள்ள பாதைகளுக்குப் பொருந்தியது.

பெட்ரோல், டீசல் வண்டிகளின் தேய்மானத்தை மெக்கானிக்கின் காதும் மூக்கும் கண்டுபிடித்துவிடும். ஏற்றத்தில் கிளட்ச் நழுவினால் கருகிய வாடை வரும். பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தால் நீலப்புகை எழும். ரேடியேட்டர் அடைத்திருந்தால் வளைவுகள் சில கடப்பதற்குள் தண்ணீர் கொதிக்கும். ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்ட மீட்டரைத் திருப்பிவிடும் தரகரும் மலைப்பாதையைத் திருப்பிவிட முடியாது.

மின்சாரக் கார் இந்தச் சோதனையைப் பயனற்றதாக்கியது, ஆனால் உடனடியாக அல்ல. 1993-இல் தில்லி வாகனக் கண்காட்சியில் கேரளத்துச் சாலக்குடியைச் சேர்ந்த எடி கரண்ட் கண்ட்ரோல்ஸ் நிறுவனம் லவ்பேர்டு என்னும் இருவர் அமரும் மின்காரைக் காட்சிக்கு வைத்தது. ஈய-அமில பேட்டரியில் ஓடிய அது மிகச் சிலவே விற்று மறைந்தது. 2001-இல் பெங்களூரிலிருந்து வந்த ரேவாவும் அதே வகை பேட்டரியையே நம்பியிருந்தது. ஈய-அமில பேட்டரி சில ஆண்டுகளில் மாற்றப்பட வேண்டியதாகையால், பழைய ரேவாவை வாங்கியவர் உண்மையில் ஒரு கூட்டையும், விரைவில் தாம் வாங்கவேண்டிய புதிய பேட்டரியின் செலவையும் சேர்த்தே வாங்கினார்.

லித்தியம் அயனி பேட்டரி வந்தபின் கணக்கு மாறியது. 2020-இல் மெர்சிடஸ் இ.க்யூ.சி., 2021-இல் ஜாகுவார் ஐ-பேஸ், ஆடி இ-ட்ரான், போர்ஷே டைகான், 2022-இல் கியா இ.வி.6 என இந்தியச் சந்தைக்கு வந்த கார்களில் உச்சமான டைகான் டர்போ எஸ் 2.8 நொடிகளில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்டுவது. மின்மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையைத் தருவதால் ஏற்காட்டு ஏற்றம் இவற்றுக்குப் பொருட்டல்ல: 2 டன் எடையை 1,200 மீட்டர் உயர்த்தத் தேவையான ஆற்றல், உராய்வையும் காற்றுத் தடையையும் நீக்கிப் பார்த்தால், சுமார் 6.5 யூனிட் மின்சாரமே. இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, வண்டியின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே அந்த ஆற்றலில் ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்பித் தருகிறது. ஆனால் மலைமேல் பேட்டரியை முழுதாக நிரப்பிக்கொண்டு இறங்குபவருக்கு இந்த உதவி தொடக்கத்தில் கிட்டாது. நிரம்பிய பேட்டரி மேலும் மின்சாரத்தை ஏற்காதாகையால், கனத்த வண்டியின் முழுச்சுமையும் சாதாரண பிரேக்கின்மேல் விழும்.

இவ்வாறு ஏற்றத்தில் சிறிதும் திணறாத காரின் பேட்டரி, தன் கொள்ளளவில் கணிசமான பகுதியை இழந்ததாகவும் இருக்கலாம். ஓட்டிப் பார்ப்பவரின் காதுக்கு அது எட்டாது. எஞ்சிய கொள்ளளவைப் புதிய நிலையோடு ஒப்பிட்டுச் சொல்லும் விழுக்காட்டை பேட்டரி நலம் என்பர். அதைக் காரின் கணினியோடு இணைத்து அளக்கும் கருவியிலிருந்தே பெறவேண்டும். வெப்பமும், நிரம்பிய நிலையில் நெடுநாள் நிறுத்திவைத்தலும் லித்தியம் அயனி பேட்டரியை விரைந்து முதுமையாக்குவன. எனவே மற்றவை ஒத்திருந்தால், சேலத்து வெயிலில் நின்ற காரைவிட ஏற்காட்டுக் குளிரில் நின்ற கார் வாங்கத் தக்கது. ஓடிய கிலோமீட்டரை மட்டும் கேட்டு விலை பேசும் பழைய பழக்கம் இங்கே பாதிக் கேள்விதான்.

மீதிப் பாதியை உத்தரவாதப் பத்திரம் நிரப்புகிறது. 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மஹிந்திரா பி.இ.6 காரின் பேட்டரிக்கு, முதல் தனிநபர் உரிமையாளர் பெறும் வாழ்நாள் உத்தரவாதம், கார் கைமாறியதும் 10 ஆண்டு அல்லது 2,00,000 கி.மீ. என்று சுருங்குகிறது. வரியும் கைமாற்றும் விதத்தைப் பொறுத்து வேறுபடுகிறது: புதிய மின்காருக்கு 5 விழுக்காடாக உள்ள சரக்கு, சேவை வரி, பதிவுபெற்ற வணிகர் விற்கும் பழைய மின்காரில் அவருடைய இலாபப் பகுதியின்மேல் 18 விழுக்காடாக விதிக்கப்படும் என்று 2024 டிசம்பரில் வரிக்குழு முடிவுசெய்தது, தனிநபர் தனிநபருக்கு விற்றால் அவ்வரி இல்லை. கரடியூர்த் தோட்டக்காரர் ஒருவர் சேலத்து மருத்துவரிடம் நேரடியாகக் கார் வாங்கினால், 29, 30 ஆகிய எண்ணுள்ள படிவங்களைக் கொடுத்து ஆர்.சி. புத்தகத்தில் பெயரை மாற்றிக்கொள்வதோடு சட்டம் நிறைவடைகிறது. பேட்டரியின் நலத்தை அளந்து சொல்லும் சான்று எதையும் அப்படிவங்கள் கேட்பதில்லை.