முயலுக்கு விலை வைத்த நாடு

நாகப்பாம்பைக் கொன்றால் காசு என்று வெள்ளைக்காரர்கள் அறிவித்ததும், டெல்லியில் ஜனங்கள் வீட்டில் பாம்பு வளர்க்க ஆரம்பித்தார்களாம். எகனாமிக்ஸ் பாடத்தில் அடிக்கடி வரும் கதை இது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உறுதியான ஆதாரம் கிடையாது. ஆதாரத்தோடு ஒரு கதை வேண்டுமென்றால் நியூசிலாந்துக்குப் போக வேண்டும்.

வௌவாலைத் தவிர தரையில் வாழும் பாலூட்டி எதுவும் இயற்கையாக இல்லாத நாடு அது. அதனால்தான் கிவி, காகாபோ போன்ற பறவைகள் பறப்பதையே விட்டுவிட்டன. ஐரோப்பியர்கள் வேட்டைக்கும் கறிக்கும் முயலைக் கொண்டு வந்தார்கள். 1870-களில் தெற்குத் தீவின் ஆட்டுப் பண்ணைகளில் புல்லே மிஞ்சவில்லை. 1876-ல் முயல் தொல்லைச் சட்டம் வந்தது. முயலைப் பிடிக்க ஆட்கள் வந்தார்கள். கூடவே தோல் ஏற்றுமதியும் வளர்ந்தது. சிக்கல் அங்கேதான்! முயலை ஒழிப்பவருக்கு முயல்தான் பிழைப்பு. அடுத்த சீசனுக்கு வேண்டுமே என்று குட்டி போடும் முயலை விட்டுவைத்தவர்கள் உண்டு. முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுப்பது மாதிரி :)

அதைவிட மோசம் 1880-களில் நடந்தது. முயலைத் தின்னட்டும் என்று ஸ்டோட், ஃபெரெட் என்ற கீரி மாதிரியான பிராணிகளை இறக்குமதி செய்து காட்டில் விட்டார்கள். பறவை நிபுணர்கள் அப்போதே வேண்டாம் என்றார்கள். யார் கேட்டார்கள்? முயலோ வேகமாக ஓடும், பறக்காத பறவை எங்கே ஓடும்? இன்றைக்கும் கிவி குஞ்சுகளின் பெரிய எதிரி ஸ்டோட்தான்.

1947-ல் வந்த சட்டத் திருத்தம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம். முயலில் இருக்கும் லாபத்தையே எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். உள்ளூர் முயல் வாரியங்கள் நில உரிமையாளர்களிடம் வரி வசூலித்தன, அரசு மானியம் கொடுத்தது, வேட்டைக்காரருக்குச் சம்பளம். எத்தனை தோல் கிடைத்தாலும் அவருக்கு ஒன்றுதான். 1956-ல் முயல் விற்பதே தடை செய்யப்பட்டது. விமானத்திலிருந்து விஷத் தீனியும் போட்டார்கள். முயல்கள் வெகுவாகக் குறைந்தன.

ஆனால் அதே அரசு அதே காலத்தில் பாஸம் விஷயத்தில் நேர் எதிராக நடந்தது. பாஸம் 19-ம் நூற்றாண்டில் தோல் வியாபாரத்துக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, காட்டு மரங்களை மொட்டையடித்த பிராணி. 1951-ல் தலைக்கு இவ்வளவு என்று சன்மானம் அறிவித்தார்கள். பத்து வருடத்தில் சுமார் 80 லட்சம் பாஸத்துக்குப் பணம் கொடுத்தாயிற்று. சாலையோரம் சுலபமாகக் கிடைத்ததைத்தான் பிடித்தார்கள், உள்காடு அப்படியே இருந்தது. திட்டத்தைக் கைவிட்டார்கள். பக்கத்து டிபார்ட்மென்ட்டின் கணக்குப் புத்தகத்தை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை போலும்.

1989-ல் உள்ளாட்சி அமைப்பு முழுவதும் மாற்றப்பட்டது. பிராந்திய கவுன்சில்கள் பிறந்தன. எல்லைகளைப் பெரும்பாலும் ஆற்றுப் படுகைகளை வைத்து வரைந்தார்கள். முயல் வாரியங்களின் வாரிசான பூச்சி-விலங்கு ஒழிப்பு வாரியங்களின் வேலை இவர்களிடம் வந்தது. 1993-ன் உயிரிப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு கவுன்சிலும் தன் பகுதிக்குத் திட்டம் போட்டது. பண்ணையோடு சொந்தக் காடும் பறவைகளும் கணக்கில் வந்தன. ஆனால் முயல் செலவு மெல்ல மெல்ல நில உரிமையாளர் தலையில் விழுந்தது. 1997-ல் முயல் வைரஸை இறக்குமதி செய்ய அரசு மறுத்ததும், சில விவசாயிகள் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து பரப்பியே விட்டார்கள். முயல்களுக்கு எதிர்ப்புசக்தி வந்தபின், 2018-ல் கொரிய வகை வைரஸை கவுன்சில்களே சட்டப்படி விட்டன.

2025 நவம்பரில் நியூசிலாந்து அரசு, தேர்ந்தெடுக்கப்பட்ட பிராந்திய கவுன்சிலர்களை நீக்கிவிட்டு மேயர்களின் வாரியத்திடம் பொறுப்பைக் கொடுக்கலாம் என்று முன்மொழிந்தது. செலவு மிச்சம், குழப்பம் குறையும் என்பது வாதம். இருக்கலாம். ஆனால் ஒரு மேயர் தன் ஊர்க்காரரிடம் ஓட்டும் கேட்டு, ஆளே இல்லாத மலையில் முயலும் ஸ்டோட்டும் பிடிக்க வரியும் கேட்பாரா என்பதுதான் காமர்ஸ் படிக்கிற எனக்குத் தோன்றும் முதல் கேள்வி.